அட்டவணையில் நம் பெயர்

நுழையுமுன்

கோடை விடுமுறை நெருங்கும்போதே, ஊருக்குச் செல்லும் தொடர்வண்டியை நம் பெற்றோர் இணையத்தில் தேடத் தொடங்கிவிடுவர். புதுதில்லியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டிகளைக் கேட்டால், 12622 தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், 12616 கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் என ஒன்றன்கீழ் ஒன்றாக விவரங்கள் திரையில் தோன்றும். எண், பெயர், புறப்படும் நேரம், சேரும் நேரம் ஆகியவை தத்தம் இடத்தில் நேராக நிற்கும். இவ்வொழுங்கு எவ்வாறு உருவாகிறது? தமிழ்ப் பெயர்கள் இடம்பெறும்போது தமிழின் ஒழுங்கு அதில் காக்கப்படுகிறதா? இப்பாடத்தில் அறிவோம்.

அட்டவணை

மாணவர்களே! செய்திகளைக் கிடைவரிசையாகவும் நெடுவரிசையாகவும் அடுக்கிக் காட்டுவது அட்டவணை. ஒரு கிடைவரிசை ஒருவரைப் பற்றிய செய்திகள் அனைத்தையும் கூறும். ஒரு நெடுவரிசை எல்லாரையும் பற்றிய ஒரே வகைச் செய்தியைக் கூறும். ஒரு தமிழ் வகுப்பின் பெயர்ப்பட்டியலைக் காண்க.

| பெயர் | வகுப்பு | சொந்த ஊர் |
|---|---|---|
| கமலா | 8 | தஞ்சாவூர் |
| கயல்விழி | 10 | திருநெல்வேலி |
| கவின் | 9 | ஈரோடு |
| கனிமொழி | 7 | விருதுநகர் |

இதனைக் கரும்பலகையில் எழுதுவது எளிது. ஆனால் மாணவர் சேருந்தோறும், மாறிச் செல்லுந்தோறும் அழித்து எழுத வேண்டும். வலைச்செயலியில் அவ்வாறன்று, தரவு மாறினால், அடுத்த முறை பக்கத்தைத் திறக்கும்போது அட்டவணையும் தானே மாறியிருக்கும்.

சட்டகம்

வலைச்செயலிகள் அனைத்திற்கும் பொதுவான வேலைகள் பல உண்டு. அவற்றை முன்னரே செய்துவைத்து, நாம் அதன்மேல் கட்டுவதற்கு வாய்ப்பாகத் தரும் மென்பொருள் தொகுப்பே சட்டகம் எனப்படும். அவற்றுள் ஒன்று ஜாங்கோ. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்னும் ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் பணியாற்றிய ஏட்ரியன் ஹோலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டில் இதனை உருவாக்கத் தொடங்கினர். நாளிதழுக்கு எல்லாம் விரைவில் வேண்டும். அத்தேவையே இதன் பிறப்புக்குக் காரணம். 2005ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இஃது அனைவருக்கும் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்னும் கிதார்க் கலைஞரின் பெயரே இதற்கு இடப்பட்டது. இதற்கான நிரல்கள் பைத்தான் மொழியில் எழுதப்படுகின்றன.

விருந்தும் அட்டவணையும்

நம் ஊர்த் திருமண விருந்தை நினைத்துப் பாருங்கள். பொருள்கள் உக்கிராண அறையில் இருக்கும். இந்தப் பந்திக்கு எது வேண்டும் என அறிந்து எடுத்துத் தருபவர் ஒருவர். இலையில் எது எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதற்கு ஒரு முறை உண்டு.

ஜாங்கோவிலும் இவ்வாறே மூன்று பகுதிகள் உள்ளன. தரவு எவ்வகையில் சேமிக்கப்பட வேண்டும் என வரையறுப்பது மாதிரி. அஃது உக்கிராணம் போன்றது. கேட்டவருக்குத் தேவையான தரவைத் தேர்ந்தெடுத்துத் தருவது காட்சி. அஃது எடுத்துத் தருபவர் போன்றது. எது எங்கே தோன்ற வேண்டும் என்பதைக் கூறுவது வார்ப்புரு. அஃது இலையின் முறை போன்றது.

வார்ப்புருவில் நான்கு குறிகள் அட்டவணையை அமைக்கின்றன. டேபிள் என்பது முழு அட்டவணையைக் குறிக்கும். டிஆர் ஒரு கிடைவரிசையையும், டிஎச் தலைப்புக் கட்டத்தையும், டிடி தரவுக் கட்டத்தையும் குறிக்கும். நாற்பது மாணவர் இருந்தால் நாற்பது வரிசைகளை நாம் எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு வரிசையை மட்டும் எழுதி, ஃபார் என்னும் மடக்குக் கட்டளைக்குள் வைத்தால் போதும். பந்தியில் எத்தனை இலை இருப்பினும் பரிமாறும் முறை ஒன்றுதானே! தரவே இல்லாதபோது வெறும் தலைப்பு மட்டும் நின்றால் பார்ப்பவர் குழம்புவர். எனவே, "மாணவர் எவரும் இல்லை" என்பது போன்ற தொடரைக் காட்ட எம்ப்டி என்னும் கட்டளையும் உண்டு.

பட்டியல் மிக நீண்டால் பக்கத்திற்கு 25 பெயர் என்பது போலப் பிரித்துக் காட்டலாம். இதற்குப் பக்கப்பிரிப்பு என்று பெயர். கண்பார்வை குறைந்தோர் திரைவாசிப்பான் வழியே அட்டவணையைக் கேட்பர். தலைப்புக் கட்டங்களை டிஎச் குறியால் முறையாக அமைத்தால்தான், "வகுப்பு, 8" எனத் தலைப்பும் தரவும் சேர்ந்து அவர்கள் காதில் ஒலிக்கும்.

வரிசை தவறினால்

இனி, நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். மேலே கண்ட நான்கு பெயர்களையும் அகர வரிசையில் அடுக்குமாறு கணினிக்குக் கட்டளையிட்டால், அது பின்வருமாறு அடுக்கக்கூடும்: கனிமொழி, கமலா, கயல்விழி, கவின். கடைசியில் நிற்க வேண்டிய கனிமொழி முதலில் வந்துவிட்டாள்! ஏன்?

கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். ஒருங்குறியில் ன 2985, ம 2990, ய 2991, வ 2997. பைத்தானின் இயல்பான அடுக்குமுறை இவ்வெண்களையே ஒப்பிடுகிறது. ஜாங்கோவுடன் தொடக்கத்தில் பயன்படும் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளமும் அவ்வாறே செய்கிறது. 2985 சிறிய எண். ஆகவே னகரம் முன்னே வந்துவிடுகிறது.

னகரத்திற்கு அவ்வெண் ஏன் வந்தது? இந்திய எழுத்துகளுக்கென நம் நாட்டில் வகுக்கப்பட்ட இஸ்கி என்னும் குறியீட்டு முறையில், எல்லா மொழிகளின் எழுத்துகளும் ஒரே அமைப்பில் இணையாக நிறுத்தப்பட்டன. ஒருங்குறி அதனைப் பின்பற்றியது. நீங்கள் இந்தி வகுப்பில் கற்கும் தேவநாகரி வரிசையில் தகர வருக்கம் நகரத்தோடு முடிகிறது. தமிழின் னகரம் அந்த நகரத்தின் அருகிலேயே நிறுத்தப்பட்டது. தமிழிலோ மெய்யெழுத்து வரிசை ககரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும்.

இதனால் விளையும் துன்பம் சிறிதன்று. போட்டியில் கலந்துகொள்வோர் பட்டியல் பல பக்கங்களில் வெளியாகிறது எனக் கொள்வோம். தமிழ் வரிசையை நன்கு கற்ற கனிமொழி, கவினுக்குப் பின்னே தன் பெயரைத் தேடுகிறாள், அங்கே இல்லை. அவள் பெயரோ முந்தைய பக்கத்தில் இருக்கிறது. பெயர் விடுபட்டது என எண்ணி அவள் திரும்பிச் சென்றால், அது யாருடைய பிழை? கற்றதைச் சரியாகப் பின்பற்றிய அவளுடைய பிழையன்று.

திருத்தும் வழி

இதனைத் திருத்துவது கடினமன்று. தமிழ் நெடுங்கணக்கின்படி ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வரிசை எண் தந்து, அதனை ஒப்பிடுமாறு நிரல் எழுதலாம். க 1 எனத் தொடங்கினால் ம 10, ய 11, வ 14, ன 18 ஆகும். இப்போது கனிமொழி தனக்குரிய இடத்தில் நிற்பாள். மொழிதோறும் உரிய வரிசைமுறையை அறிந்த மென்பொருள் நூலகங்களும் உள்ளன, அவற்றையும் பயன்படுத்தலாம்.

இன்னும் இரண்டைக் கவனிக்க. வகுப்பை எழுத்தாகச் சேமித்தால் 10, 7, 8, 9 என அடுக்கப்படும். 1 என்னும் குறி 7 என்னும் குறிக்கு முந்தியது என்பதே காரணம். ஆகவே எண்ணை எண்ணாகவே சேமிக்க வேண்டும். தலைப்பெழுத்தைப் பெயரோடு சேர்த்து "ம. கமலா" என எழுதினால், அவள் மகரத்தில் சென்று நிற்பாள். ஆகவே தலைப்பெழுத்துக்குத் தனி நெடுவரிசை வேண்டும்.

கணினி தானே தமிழறியாது. நாம் கற்பிப்பதையே அது அறியும். தொலைவில் வாழும் நாம் நெடுங்கணக்கை ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும் என உங்களுள் சிலர் கேட்பதுண்டு. நாளை நீங்கள் உருவாக்கும் பட்டியலில் யாரோ ஒரு கனிமொழி தன் பெயரைத் தேடுவாள். அவள் தேடும் இடத்தில் அப்பெயர் இருக்க வேண்டும் அன்றோ?

சொல்லும் பொருளும்

உக்கிராணம் – பொருள்கள் சேமித்து வைக்கும் அறை
நெடுங்கணக்கு – தமிழ் எழுத்துகளின் முழு வரிசை
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக எண் வழங்கும் முறை
வார்ப்புரு – ஒரே அமைப்பில் பலமுறை பயன்படும் அச்சு

பயிற்சி

1. மாதிரி, காட்சி, வார்ப்புரு ஆகியவற்றின் பணிகளை விருந்தோடு ஒப்பிட்டு எழுதுக.
2. மலர், மனோகர், மதி, மணி ஆகிய பெயர்களைத் தமிழ் அகர வரிசையில் எழுதுக. ஒருங்குறி எண்ணின்படி அடுக்கினால் எவ்விரு பெயர்கள் இடம் மாறும்? (லகரத்தின் எண் 2994.)
3. வகுப்பை எழுத்தாகச் சேமிப்பதால் நேரும் பிழை யாது?
4. உம் உறவினர் பதின்மரின் பெயர், உறவுமுறை, ஊர் ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டு, அகர வரிசையில் அட்டவணையாக்குக.