உண்ணாமுலை என்னும் பெயர்

திருவண்ணாமலைக் கோயிலில் வழிபடப்பெறும் அம்மனின் பெயர் உண்ணாமுலை, வடமொழியில் அபீதகுசாம்பாள். பிள்ளை பாலுண்ணாத மார்பினள் என்பது பொருள். உலகனைத்திற்கும் தாயாயினும் கருவுற்றுப் பாலூட்டாதவள் என்னும் சைவக் கருத்து இதில் அடங்கியுள்ளது. அம்மையின் ஞானப்பால் உண்டவரெனப் போற்றப்படும் திருஞானசம்பந்தர், 7ஆம் நூற்றாண்டில் பாடிய அண்ணாமலைப் பதிகமொன்றை இப்பெயரைக் கொண்டே தொடங்குகிறார்.

பெண்மக்களுக்கு இடப்பெற்றுவந்த இப்பெயர், நகரத்தார் குடும்பங்களில் 'உண்ணாமலை' எனத் திரிந்து வழங்குகிறது. இன்று இப்பெயர் இடுவோர் அரியர். மார்பைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் கூச்சத்திற்குரியதாகிவிட்டமை இதற்கொரு காரணமெனலாம். ஆயினும் நமது பழைய திருப்புதல் வேதாகமம் லூக்கா 11:27இல் அச்சொல்லையே தயக்கமின்றி ஆள்கிறது.

இப்பெயருடையாள் ஒருத்தி திருமுழுக்கு வேண்டி வந்தால், பெயரை மாற்றுதல் இன்றியமையாததா? பெபேயாள் என்பது கிரேக்கத் தேவதையொன்றின் பெயர். எப்பாப்பிரோதீத்து என்பது அப்ரோதீத்தே தேவியின் பெயரினின்று பிறந்தது. பவுலோ இருவரையும் அப்பெயர்களாலேயே அழைத்து, ஒருத்தியைச் சகோதரியென்றும் மற்றவனைச் சகோதரனென்றும் ஏற்கிறார். திருமுழுக்கு திரியேகர் நாமத்தில் அளிக்கப்படுகிறது. புதுப்பெயர் அதன் நிபந்தனையன்று. அவளே புதுப்பெயர் விரும்பினால் மகிழ்ந்து அளிப்போம். பாட்டியின் பெயரைப் பேண விரும்பினால், அப்பெயராலேயே அவளைத் திருச்சபைக்குள் அழைப்போம்.