ஊசி குத்தாமல் தெரியுமா சிறுநீரகத் தழும்பு?

காரைக்குடிப் பக்கம் கிட்னி பற்றிப் பேச்சு வந்தால், 'உப்பு எவ்வளவு இருக்கு?' என்பார்கள். உப்பு என்று அவர்கள் சொல்வது ரத்தப் பரிசோதனையில் வரும் கிரியாட்டினின் அளவை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் உண்டு. அவற்றில் பாதி பழுதான பிறகும் இந்த 'உப்பு' சரியாகவே காட்டக்கூடும்.

பழுதான இடத்தில் நார்த் தழும்பு படிகிறது. நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதற்கு அந்தத் தழும்பே நல்ல அடையாளம். அதை உறுதியாகக் காண பயாப்சிதான் வழி. முதுகுப் பக்கம் ஊசியை இறக்கி நூலளவு சதை எடுப்பார்கள். கண்மாயில் ஓரிடத்தில் குழி தோண்டி, மொத்தக் கண்மாயின் வண்டலையும் கணக்கிடுவது போன்றது இது. ரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் அடிக்கடி செய்யவும் முடியாது.

எம்.ஆர்.ஐ. முழுக் கண்மாயையும் பார்க்க முயல்கிறது. சீமைக்கருவேலம் மண்டிய கண்மாயில் தண்ணீர் தாராளமாக ஓடுமா? தழும்பேறிய திசுவிலும் நீர் மூலக்கூறுகளின் அசைவு குறைகிறது, அதை எம்.ஆர்.ஐ. அளந்துவிடும். ஆக்சிஜன் இழந்த ரத்தத்தின் காந்தத் தன்மை மாறுவதால், திசு மூச்சுத் திணறுவதையும் கண்டுகொள்ளலாம். இரண்டுக்கும் சாய ஊசி வேண்டாம். இது பெரிய விஷயம். சிறுநீரகம் செயலிழந்த சிலருக்கு, காடோலினியம் கலந்த சாய ஊசிக்குப் பின் தோல் இறுகிப்போனது 2006இல் தெரியவந்தது. இப்போதைய சாயங்களில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

அதிர்வு கொடுத்துத் திசுவின் இறுக்கத்தை அளக்கும் இன்னொரு முறை கல்லீரல் தழும்புக்குக் கைகொடுக்கிறது. ஆனால் சிறுநீரகத்தில் ரத்த ஓட்டம் குறைந்தாலே இறுக்கமும் தளர்ந்துவிடுவதால், தழும்பு அதற்குள் ஒளிந்துகொள்கிறது.

இந்த ஆராய்ச்சி நமக்கு ஏன் முக்கியம்? 2023இல் தமிழகத்தில் 3,350 விவசாயத் தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றில் ஐந்து பேருக்கு மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை. வெயிலில் உழைப்பவர்களைத் தாக்கும் இந்த வகையில் சிறுநீரில் புரதம் அதிகம் போவதில்லை. தழும்பு மட்டும் சத்தமில்லாமல் வளர்கிறது. ஊசியில்லாத பரிசோதனை முதலில் வந்து சேரவேண்டியது இவர்களுக்குத்தான் என்பேன்.

ஆனால் தழும்பை அளக்கும் எம்.ஆர்.ஐ. இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. கருவிக்குக் கருவி அளவு மாறுகிறது. பரம்பரை நீர்க்கட்டி நோயில் மட்டும், சிறுநீரகத்தின் மொத்தப் பருமனை எம்.ஆர்.ஐ.யில் அளந்து நோயின் போக்கைக் கணிப்பது நடைமுறையில் உண்டு.

ஊசியில்லாத பரிசோதனை கைக்கு வரும்வரை, சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களும் வயலில் வேகும் வெயிலில் உழைப்பவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை கிரியாட்டினினும் சிறுநீர் ஆல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அது மூன்று மாதத்துக்கு மேலும் 60க்குக் கீழேயே நின்றால், 'உப்பு' சரியாக இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள்.