காய்கறி வண்டியில் ஒலிபெருக்கியா? முதலில் ஃபியூஸ்!

தோட்டத்துக் காய்கறியை மினி லாரியில் ஏற்றி, அடி அண்ணாமலை, கிரிவலப் பாதை எனத் தெருத்தெருவாக விற்பவர் நாள் முழுக்கக் கூவ முடியாது. ஒலிபெருக்கி கட்டுகிறார். 'பாட்டும் கேட்கலாமே' என்று பெரிய ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்துகொள்கிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, சில ரூபாய் ஃபியூஸை விட்டுவிடுவதில்தான் ஆபத்து.

வண்டியின் இரும்பு பாடி முழுவதும் பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்தது. பாசிட்டிவ் ஒயர் அதில் உரசித் தோல் கிழிந்தால், பேட்டரியின் கரன்ட் மொத்தமும் பாய்ந்து ஒயர் தீப்பிடிக்கும். இந்த ஃபியூஸ் காப்பது ஒயரை. அதனால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் மாட்டுங்கள். ஒயர் தாங்கும் ஆம்பியரைவிடப் பெரிய ஃபியூஸ் கூடாது. தகட்டு ஓட்டையில் ஒயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் அவசியம்.

விலை கூவ 30 வாட்ஸ் ஹாரன் ஸ்பீக்கரே போதும். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். இன்ஜினை அணைத்துவிட்டு, 5 ஆம்பியர் இழுக்கும் செட்டை 6 மணி நேரம் ஓட்டினால் 60 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதி காலி. அடுத்து செல்ஃப் எடுப்பது சிரமம்.

24 வோல்ட் லாரியில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்காதீர்கள். ஒன்று வற்றும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகும், இரண்டும் கெடும். கன்வெர்ட்டர் போடுங்கள்.

2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 மணி வரை தடை. பௌர்ணமிக் கூட்டத்தில் விற்பனை நடக்கட்டும்; ஒலிபெருக்கி ஓய்வெடுக்கட்டும்.