சிக்கலான மனவடுவும் மீட்சியும்: இலங்கை வடபுலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களை முன்வைத்து

ஒரு விபத்து மனத்தில் ஏற்படுத்தும் காயமும், தப்பிச்செல்ல வழியின்றி ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கும் வன்முறை ஏற்படுத்தும் காயமும் ஒரே தன்மையன அல்ல. இவ்வேறுபாட்டை உளமருத்துவம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு 1980-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில்தான் நெருக்கீட்டுக்குப் பிந்தைய மனவடு நோயைச் சேர்த்தது. சிறைப்பட்டோர், இல்ல வன்முறைக்கு ஆளான பெண்கள், குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து வதைக்கப்பட்டோர் ஆகியோரின் நிலையை அவ்வரையறை முழுமையாக விளக்கவில்லை எனக் கண்ட ஜூடித் ஹெர்மன், 1992-இல் 'சிக்கலான' என்னும் அடைமொழியுடன் புதிய வகைமையை முன்மொழிந்தார். 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு இதனைத் தனி நோயாக ஏற்றுள்ளது; அமெரிக்கக் கையேடு இன்னும் ஏற்கவில்லை.

தமிழகத்தில் 'அதிர்ச்சி' என்ற சொல்லே பெருவழக்கு. எனினும் ஈழத்து உளவியல் எழுத்துகளில் வழங்கும் 'மனவடு' இப்பொருளுக்கு மிகவும் பொருந்துகிறது. அதிர்ச்சி கணநேரத்தது, வடு நெடுநாள் நிற்பது.

கடந்த நிகழ்வு கண்முன் மீள நிகழ்வதுபோல் உணர்தல், அதனை நினைவூட்டுவனவற்றைத் தவிர்த்தல், ஆபத்து இன்னும் சூழ்ந்திருப்பதான விழிப்பு ஆகிய மூன்றும் இரு நோய்களுக்கும் பொதுவானவை. சிக்கலான மனவடுவில் இவற்றோடு உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த இயலாமை, தான் பயனற்றவர், குற்றவாளி என்ற தன்மதிப்பிழப்பு, பிறருடன் நெருங்க முடியாமை ஆகியனவும் சேர்கின்றன. ஆகவே இங்குப் பாதிக்கப்படுவது நினைவு மட்டுமன்று. 'நான்' என்னும் உணர்வும்தான்.

மீட்சியை ஹெர்மன் மூன்று படிநிலைகளாகக் காண்கிறார். முதலாவது பாதுகாப்பை நிலைநாட்டல். இரண்டாவது நினைவுகூர்ந்து துயருறல். மூன்றாவது அன்றாட வாழ்வோடும் மனிதரோடும் மீண்டும் இணைதல். இவை நேர்கோட்டில் அமைவன அல்ல என்பதை அவரே வலியுறுத்துகிறார். எனினும் இவ்வரிசைக்குள் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. ஆபத்து முடிந்துவிட்டது, இழப்பு உறுதியாகிவிட்டது என்பதே அது.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இந்த எடுகோள் பொருந்துவதில்லை. 2009-இல் போர் முடிந்தபோது காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு உடலும் கிடைக்கவில்லை, செய்தியும் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணச் சைவ மரபில் துயரத்துக்கு வரையறுத்த வடிவம் உண்டு. 31-ஆம் நாள் அந்தியேட்டி, கீரிமலையில் அஸ்தி கரைத்தல், ஆண்டுத் திதி ஆகியவை இழப்பைச் சமூகத்தின் முன் உறுதிசெய்கின்றன. உடல் இல்லாதவிடத்து இவற்றுள் எதனைத் தொடங்குவது? தொடங்கினால், உயிரோடிருக்கக்கூடியவரைத் தாமே இறந்தவராக்கிய குற்றவுணர்வு எழும். பொட்டு வைப்பதா, விடுவதா என்பதுகூட ஒரு மனைவிக்கு நாள்தோறும் எழும் வினாவாகிறது. 2010-ஆம் ஆண்டின் சட்டம் ஓராண்டுக்கு மேல் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. உதவித்தொகைக்காகவேனும் அதனைப் பெறுவதா என்ற நெருக்கடியை அது குடும்பங்கள்மீது சுமத்தியது. காணவில்லை என்பதற்கான சான்றிதழ் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே சட்டத்தில் இடம்பெற்றது.

பாலின் பாஸ் இந்நிலையைத் 'தெளிவற்ற இழப்பு' என்பார். வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க வீரர்களின் குடும்பங்களிடம் மேற்கொண்ட ஆய்விலிருந்து அவரது கருத்தாக்கம் வளர்ந்தது. இறந்திருக்கலாம், உயிரோடும் இருக்கலாம் என்னும் இரண்டையும் ஒருசேரத் தாங்கி வாழப் பழகுவதையே அவர் பரிந்துரைக்கிறார். முடிவு காணுமாறு வற்புறுத்துவதில்லை. இறப்பை ஏற்கும்படி அறிவுறுத்தும் உளவளத்துணை, நல்லெண்ணத்துடன் வழங்கப்பட்டாலும், இக்குடும்பங்களுக்குத் தீங்கே விளைவிக்கும்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் மற்றொரு போதாமையைச் சுட்டினார். நம்பிக்கையின்மை, மௌனம், செயலற்ற நிலை ஆகியவை தனிமனித நோய்க்குறிகளாக மட்டுமன்றி, ஊர் முழுவதன் இயல்பாகவும் மாறிவிட்டதை அவர் 'கூட்டு மனவடு' என விளக்கினார். மருத்துவமனை அறைக்குள் இருவர் மட்டும் பேசி இதனை ஆற்றிவிட முடியாது. அடிமட்டப் பணியாளர்களைப் பயிற்றுவித்தல், மரபுச் சடங்குகளையும் ஊர் உறவுகளையும் மீட்டெடுத்தல் என அவரது அணுகுமுறை சமூகத்தை நோக்கி விரிந்தது.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய உறவினர்களின் தொடர் போராட்டத்தை இக்கோணத்திலும் நோக்கலாம். அதனை அரசியல் கோரிக்கையாக மட்டும் வாசிப்பது குறைவுடையது. தத்தம் வீட்டில் தனித்திருந்த தாய்மார் ஒரே பந்தலின் கீழ், படங்களை ஏந்தி, பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அமர்ந்தனர். ஹெர்மனின் மூன்றாம் படிநிலையாகிய மீளிணைதல், இரண்டாம் படிநிலை முடியாமலே, முதலாவதும் உறுதியாகாமலே இங்கு நிகழ்ந்துள்ளது. அப்பெற்றோருள் பலர் விடை அறியாமலே இறந்துவிட்டனர். அவர்கள் ஏந்திய படங்கள் இப்போது பேரப்பிள்ளைகளின் கைகளுக்கு வந்துள்ளன. காணாத ஒருவரை எதிர்பார்க்கும் பொறுப்பை ஏற்ற அத்தலைமுறையின் மனநிலை தனி ஆய்வுக்குரியது.