முட்டை பூசாத தோல்

முட்டை பூசாத தோலாகப் பார்த்து அனுப்புங்கள் என்று, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆசியா மைனருக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் மாக்சிமஸ் பிளானூடஸ் என்ற கிரேக்கத் துறவி. நூல்களைப் படியெடுக்க அவருக்குத் தோல் வேண்டும்.

அன்றைய பைசாந்தியப் பேரரசில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டிக் காயவைத்தபின் முட்டைப் பூச்சு கொடுப்பதும் உண்டு. பளபளப்பு வரும். ஆனால் மை தோலுக்குள் இறங்காமல் பூச்சின் மேலேயே நின்றுவிடும். ஈரம் பட்டால் பூச்சோடு எழுத்தும் போய்விடும். இறையியல் நூல்களை மொழிபெயர்த்த ஒருவர் மையின் போக்கை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாரே என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

அவருடைய கடிதங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. ஒன்றில், டயோபாந்தஸின் கணித நூலை ஒப்புநோக்க மானுவல் பிரையெனியஸ் என்ற அறிஞரின் படியைக் கேட்கிறார். கையால் எழுதிய எந்தப் படியிலும் பிழை இருக்கும். இரண்டு படிகளை அருகருகே வைத்தால்தான் அது கண்ணில் படும்.

எண்கள் நிறைந்த நூல் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கிரேக்கர்கள் எழுத்துகளையே எண்களாகப் பயன்படுத்தினார்கள். பெரிய எழுத்தில் 1, 4, 30 மூன்றுமே முக்கோணச் சாயல் கொண்டவை. 4-இன் அடிக்கோடு அழிந்தால் அது 30! பிளானூடஸ் தேடிக் கண்டெடுத்த தாலமியின் புவியியல் நூலோ, ஏறத்தாழ 8,000 இடங்களை அட்சரேகை, தீர்க்கரேகையோடு சொல்வது. பாண்டியரின் தலைநகராக மதுரையும், முசிறித் துறைமுகமும் அதில் இருக்கின்றன. அட்சரேகையில் 1 என்பதை 4 என்று எழுதிவிட்டால் ஓர் ஊர் 300 கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். இன்று நம்மிடம் இருக்கும் இந்நூலின் மிகப் பழைய கிரேக்கப் படிகள் பிளானூடஸின் காலத்தை ஒட்டியவைதான்.

இந்திய எண்முறையைக் கிரேக்கர்களுக்கு விளக்கி அவர் தனி நூலே எழுதினார். 999 வரை எழுத 27 குறிகளைப் பழகியிருந்தவர்களுக்கு, ஒன்பதே குறிகள் இடத்துக்கு இடம் மதிப்பு மாறி எந்த எண்ணையும் சொல்லிவிடும் என்று காட்டுகிறார். கூட்டல் முதல் வர்க்கமூலம் வரை செய்து பார்க்கிறார். பூஜ்யத்தை அந்த ஒன்பதில் சேர்க்கவில்லை. எண் இல்லாத இடத்தில் வைப்பதற்கான குறி அது என்று தனியே எடுத்துச் சொல்கிறார்.