ஏறும்போது இராக்கெட், இறங்கும்போது பருந்து

தீபாவளி வாணம் சீறிக்கொண்டு ஏறும். எரிந்த குச்சி எங்கேனும் விழும். அக்குச்சிக்குச் சிறகு முளைத்து, பருந்துபோல் வட்டமிட்டு இறங்கினால்? 'பூஸ்ட் கிளைடர்' என்னும் சிறு விமானம் அதைத்தான் செய்கிறது. அமெரிக்காவில் 1960களின் தொடக்கத்திலிருந்தே ஆர்வலர்கள் இதனைச் செய்து பறக்கவிடுகின்றனர்.

சென்ற கோடை விடுமுறையில் நண்பன் ஒருவன் வழியாக அத்தகைய பெட்டி ஒன்று எனக்குக் கிடைத்தது. பால்சா மரத் தகடுகள், காகிதக் குழாய், ஒரு வரைபடம், அவ்வளவே. மோட்டார் இல்லை. வெடிமருந்து அடைத்த அதனை விமானத்தில் கொண்டுவர அனுமதியில்லை.

அம்மோட்டார் விரல் பருமனுள்ள காகிதக் குழாய்தான். மேலே 'ஏ8-3' என்று இருக்கும். 'ஏ' மொத்தக் கணத்தாக்கைக் குறிக்கும்: 2.5 நியூட்டன்-வினாடி வரை. 'பி' அதன் இருமடங்கு வரை. 8 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை. 3 என்பது எரிந்து முடிந்தபின் கழியும் வினாடிகள். அதன்பின் உள்ளிருக்கும் சிறு மருந்து வெடிக்கும். 15 அடி தள்ளி நின்று, மின்கலத்தால் பற்றவைக்க வேண்டும்.

இராக்கெட் நேராக ஏற, ஈர்ப்பு மையம் அழுத்த மையத்துக்கு நன்றாக முன்னே இருக்கவேண்டும். மிதந்து இறங்கும் விமானத்துக்கு மூக்கு அவ்வளவு கனத்தால் தலைகுப்புற விழும். ஓர் உடலுக்கு இரண்டு நியதிகள்! ஆகவே மோட்டாரை மூக்கருகே தனிக் கூட்டில் பொருத்துகின்றனர். ஏறும்போது பாரம் முன்னே நிற்கும். உச்சியில் வெடிப்பு கூட்டைக் கழற்றிவிடும். ஈர்ப்பு மையம் பின்னே நகரும். சிறகு தன் வேலையைத் தொடங்கும்.

மோட்டார் இல்லாததால், கிளைடரை மட்டும் ஏரிக்கரையில் கையால் எறிந்தேன். மூக்கைத் தூக்கி, ஒரு கணம் நின்று, விழுந்தது. மூன்று முறையும் அப்படியே. தச்சுவேலை செய்யும் என் தந்தையார் பள்ளிக்கூடம் சென்றறியாதவர். அதை வாங்கிச் சிறகின் அடியில் இரு விரல்களால் தாங்கிப் பார்த்தார். "வால் கனமா இருக்கு, தம்பி" என்றார். அளந்தேன். ஈர்ப்பு மையம் வரைபடம் காட்டிய இடத்துக்கு அரை அங்குலம் பின்னே இருந்தது. வாலில் பசையை அள்ளிப் பூசியிருந்தேன்! மூக்கில் சிறிது களிமண் அப்பினோம். மெல்ல வளைந்து சென்று புல்லில் அமர்ந்தது.

அவருக்கு விளங்காது என்று இரண்டாண்டுகளாக வீட்டில் பாடம் பேசாதிருந்தேன். அன்று 'ஈர்ப்பு மையம்' என்ற சொல்லைச் சொன்னேன். "சுத்தியலுக்குப் பிடி போடும்போது பார்க்கிறது அதைத்தானேடா" என்றார்.

நண்பர்களே, தெர்மோகோல் தகட்டிலும் கிளைடர் செய்யலாம். எறிவதற்கு முன் விரலில் நிறுத்திப் பாருங்கள்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்