கருக்கலைவுக்குப் பின் உடல் தேறும் நாட்கள்

மூன்று மாதம் நிறைவதற்குள் கரு கலைந்துவிட்டால், "பிள்ளை பிறக்கவில்லையே, ஓய்வு எதற்கு?" என்று பலர் எண்ணுகின்றனர். தாயும் மாமியாரும் ஊரில் இருக்க, மும்பையிலோ தில்லியிலோ தனித்து வாழும் நம் பெண்கள் மறுநாளே அடுப்படிக்கும் அலுவலகத்துக்கும் திரும்பிவிடுகின்றனர். ஆனால் இரத்தம் இழந்த உடலுக்குப் பராமரிப்பு அவசியம்.

இரத்தப்போக்கு பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடும். அதுவரை தாம்பத்திய உறவைத் தவிர்ப்பது நலம். நாப்கினை அடிக்கடி மாற்ற வேண்டும். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின்கள் முழுமையாக நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, 100.4 பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள போக்கு, கடும் வயிற்றுவலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மொழி தெரியாத நகரில், ஸ்கேன் அறிக்கையும், இரத்த வகையும், உட்கொண்ட மருந்துகளின் பெயரும் ஒரே உறையில் இருப்பது பேருதவி. உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகையானால் மருத்துவரிடம் உடனே தெரிவியுங்கள். சிலருக்கு அதற்கென ஓர் ஊசி தேவைப்படும்.

முருங்கைக்கீரை, முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றோடு நெல்லிக்காயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் தந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்காதீர்கள்; தேநீர் அச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். உடல் தேறும்வரை உபவாசத்தையும் தள்ளிவையுங்கள்.

மாதவிலக்கு பெரும்பாலும் நான்கு முதல் எட்டு வாரங்களில் திரும்பும். அதற்கு முன்னரே மீண்டும் கருத்தரிக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். மூன்று வாரங்களுக்குப் பின்னும் சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் என்றே காட்டினால் மருத்துவரை அணுகுங்கள்.

வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் வகுத்த 6 வார ஊதிய விடுப்பு, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. மருத்துவச் சான்றுடன் அதைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள்.

கணவன்மாரே, "நீ பாரம் தூக்கியதால்தான்" என்ற சொல் உங்கள் வீட்டில் எழ வேண்டாம். தொடக்க மாதங்களில் கரு கலைவதற்குப் பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம்; அன்றாட வேலை அல்ல. தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். சபைச் சகோதரிகளே, விசாரிக்கச் செல்லும்போது கேள்விகளை விட்டுவிட்டு, ஒரு பாத்திரம் சுடுகஞ்சியைக் கொண்டுசெல்லுங்கள்.